கேட்டிருந்தா குடுத்திருப்பான்

"கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கியே, உனக்கு மூளை இருக்கா?"

வார்டில் இருந்த அத்தனை கட்டிலுக்கும் கேட்கும்படி தன் அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தார் மெடிக்கல் கடைக்காரர். அவருக்குக் குரலும் பெரிது, வாயும் நீளம். கடைக்கு வருகிறவர்களெல்லாம் அதை ரசிக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

கட்டிலில் கிடந்த அண்ணன் ஒயரிங் வேலை செய்பவர். அறுபதைத் தாண்டியவர். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். ஒரே மகள் வெளியூரில். வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போன வீட்டில் காய்ச்சலில் சுருண்டு விழுந்தவரை, அந்த வீட்டுக்காரர்கள்தான் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

டாக்டரம்மா சொன்னதைக் கேட்டதிலிருந்து தம்பிக்கு நிலைகொள்ளவில்லை. மூத்திரத் துவாரத்துக்குள் ஒயரை விட்டிருக்கிறாராம். தொழிலுக்கு வைத்திருக்கும் சுருளிலிருந்து வெட்டிய துண்டு. மேலே வழவழவென்று உறை இருக்கிறதே, ஒன்றும் பண்ணாது என்று நம்பியிருக்கிறார். நறுக்கிய முனை உள்ளே கீறி, புண்ணாகி, சீழ் வைத்து, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. மூன்று நாளாக யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"இந்த வயசுல உனக்கு எதுக்கு..." என்று ஆரம்பித்தவரை டாக்டரம்மா கையமர்த்தினார்.

"அதை நான் கேக்கல, நீங்களும் கேக்காதீங்க. அடைப்புக்குன்னு பண்றவங்க இருக்காங்க, ஆசைக்குன்னு பண்றவங்களும் இருக்காங்க. அவங்க உடம்பு, அவங்க விருப்பம். அதுக்குன்னே சிலிக்கான் குச்சி விக்குது. கண்டதையும் உள்ள விடக் கூடாது, அவ்வளவுதான்."

"அதைத்தான் டாக்டர் நானும் சொல்றேன். என் கடையிலயே இருக்கு."

கடைக்காரர் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். நன்றாக வளையும், முனை மழுங்கியிருக்கும், உள்ளே நழுவிப் போகாமல் அடியில் ஒரு குமிழ் இருக்கும். எந்த அளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டுச் சுத்தம் பண்ணி, ஆறவிட்டு, கிருமி இல்லாத ஜெல்லியைத் தாராளமாகத் தடவ வேண்டும். அழுத்தவே கூடாது. வலித்தாலோ ரத்தம் தெரிந்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். அத்தனையும் சரி என்று டாக்டரம்மாவே தலையாட்டினார்.

"முகம் தெரியாதவனெல்லாம் போன் பண்ணிக் கேக்குறான். இந்தச் செவ்வாய்க்கிழமைகூட ஒருத்தன் கேட்டான். கூடப் பொறந்தவன்கிட்ட கேக்க உனக்கு என்ன வெக்கம்?"

அண்ணன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கடையிலயாவது கேட்டுப் பாத்தீங்களா, பெரியவரே?" என்றார் டாக்டரம்மா. கேட்டுவிட்டு அவமானப்பட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார்.

அண்ணன் தம்பியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"இல்லம்மா, கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருப்பான். தப்பு என் பேர்லதான்."

"பாத்தீங்களா டாக்டர்?" என்று தம்பி இரண்டு கையையும் விரித்தார்.

ஊசிக்கும் மருந்துக்கும் காய்ச்சல் மசியவில்லை. சனிக்கிழமை மதியம் அண்ணன் போய்விட்டார்.

கடைக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அப்பா செத்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஊரார் வீட்டுச் சுவரில் துளை போட்டே தம்பியை மருந்துப் படிப்பு படிக்க வைத்த அண்ணன். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணா, ஒரே ஒரு வார்த்தை" என்று அவர் புலம்பியதைக் கேட்டு நர்ஸுகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மகளுக்குச் சொல்ல வேண்டுமே. நர்ஸ் அண்ணனுடைய செல்போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். உடைந்த மூலையில் கறுப்பு டேப் சுற்றிய போன். ஒயருக்குச் சுற்றுவாரே, அதே டேப்.

கூப்பிட்ட எண்களின் பட்டியலைத் திறந்தார். "பாப்பா" என்று மகளின் எண் இருந்தது. அதற்குக் கீழே "தம்பி கடை".

கடைக்காரர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். அண்ணன் பேசுவதென்றால் அவருடைய செல்லுக்குத்தானே கூப்பிடுவார்? கடைப் போனுக்குக் கூப்பிட்டதே இல்லையே.

செவ்வாய், மதியம் ஒன்றே முக்கால்.

ஒன்றரை அடித்தால் தம்பி சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார், கடையில் வேலையாட்கள்தான் இருப்பார்கள் என்று அண்ணனுக்குத் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் மருந்துக் கம்பெனி ஆள் வந்து உட்கார்ந்துவிட்டதால் அவர் போகவில்லை.

நம்பர் காட்டாத அந்தப் பழைய போனைக் கையில் பிடித்துக்கொண்டு, பில் போடுகிற அம்மா தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். "சார், யாரோ ஒருத்தர் சிலிக்கான் குச்சி இருக்கான்னு கேக்குறார்."

அவர் உள்ளே இருந்தபடியே தன் பெரிய குரலில் சொன்னார். "வயசு என்னன்னு கேளு. சாகப் போற காலத்துல இந்த விளையாட்டெல்லாம் எதுக்காம்?"

கடையே சிரித்தது. அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

அவ்வளவையும் தன் காதால் கேட்டுவிட்டுத்தான், 'கேட்டிருந்தா குடுத்திருப்பான்' என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார் அண்ணன்.