துடைத்து வைத்த கார்

யுத்தத்துக்குக் கார் பிடிக்கிற அதிகாரி மறுநாள் திண்டிவனம் வருகிறார் என்று தெரிந்ததும், துரைக்கண்ணு டிரைவரைக் கூப்பிட்டார்.

"விருத்தாசலம், நம்ம பந்தயக் காரு மேல சேத்தை வாரிப் பூசிடு. ஓட்டை வண்டின்னு உட்டுட்டுப் போவட்டும்."

காலையில் வந்து பார்த்தால் கார் கண்ணாடியாக மின்னியது. விருத்தாசலம் டயர் இடுக்கைத் தென்னங்குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி! சீர் செஞ்சு அனுப்பறியா?"

"அழுக்கா வச்சிக்கினு இருக்க மனசு வரலீங்க."

துரைக்கண்ணு தாமே சேறு அள்ள ஓடினார். அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். டயரில் பொட்டு மண் இல்லை. அடியில் சொட்டு எண்ணெய் இல்லை. ஏறி ஸ்டார்ட் செய்தார். கார் செருமியதே தவிரக் கிளம்பவில்லை.

"தினம் துடைக்கிறியா?"

"நாலு வேளைங்க."

"ஓட்டறது?"

"தொடைக்கவே பொழுது சரியாப் பூடுதுங்க."

'வெறும் பொம்மை' என்று எழுதிக்கொண்ட அதிகாரி, எதிர்வீட்டுக்காரர் சேறு பூசி வைத்திருந்த காரைப் பார்த்து, "இதான் ஓடற வண்டி" என்று எடுத்துக்கொண்டு போனார்.

விருத்தாசலம், ராத்திரியே இன்ஜினிலிருந்து கழற்றி வைத்திருந்த சின்னப் பாகத்தை மடியிலிருந்து எடுத்தான். அதையும் ஒருமுறை துடைத்து, இருந்த இடத்தில் மாட்டினான்.

"கிளியனூரு வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வரலாங்களா? தொடைக்கிறதுக்கு அழுக்கே இல்லீங்க."