நாற்பது அடிக்கல்

"அரசாங்கம் ஒரு பைசா செலவழிக்காம விட்டா, எங்க ஆத்துக்கு ஏழே நாள்ல பாலம் வரும். வரலைன்னா ராஜினாமா!" என்று வெள்ளியங்கிரி முழங்கியதும் சட்டசபையில் மேசைகள்கூட வயிறு வலிக்கச் சிரித்தன. வரியும் கூடாது, மானியமும் கூடாது என்று இருபது வருஷமாகத் தொண்டை கிழியப் பேசுகிற உறுப்பினர் அவர். "கடிதத்தை எழுதி வைங்கண்ணே, நானே வந்து வாங்கிக்கறேன்" என்றார் பொதுப்பணி அமைச்சர் மங்கையர்க்கரசி. "வாங்க அம்மிணி. அதுவரைக்கும் உங்க ஆபீசருங்க யாரும் அந்தப் பக்கம் வராம பாத்துக்குங்க." எட்டாம் நாள் அமைச்சர் போய் இறங்கினார். ஊரே கூடி ஆற்றின் குறுக்கே பனைமரங்களைக் கிடத்தி, பாலம் கட்டுவதாக இதுவரை அமைச்சர்கள் வந்து நாட்டிய நாற்பது அடிக்கற்களையும் பிடுங்கி மரங்களின்மேல் பரப்பியிருந்தது. அமைச்சர் தன் பெயர் பொறித்த கல்லை மட்டும் மிதிக்காமல் தாண்டி, அக்கரை சேர்ந்து, குனிந்து கால்களைப் பார்த்தார். "ஒரு சொட்டு நனையலைண்ணே. பாலந்தான்."