முதல் மண்

வெள்ளைச் சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, குழிக்கும் சவப்பெட்டிக்கும் நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள் சிலொம்போ. நாட்டின் முதல் ஜனாதிபதியான அவள் கணவர் தேசியக் கொடிக்குள் காத்துக்கிடந்தார். பந்தலில் பக்கத்து நாட்டுத் தலைவர்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"முதல் மண்ணை என் மூத்த மகன் சின்யாமாதான் போடணும். அவன் வராம பெட்டி இறங்காது."

முகத்தை மூடிய கறுப்பு வலைக்குள் பல்லைக் கடித்தாள் ஹெலெனா. விடுதலை கிடைத்ததும் மாளிகைக்குள் வந்த இரண்டாம் மனைவி. அதற்கு முன், அவர் தலைமறைவாகத் திரிந்த காலத்தில் மரவள்ளிக் களி கிண்டிப் போட்டவள் சிலொம்போ.

"இத்தனை வருஷம் வாயே இல்ல. டிவிக்காரங்களப் பார்த்ததும் மகாராணி ஆயிட்டாங்க," என்றாள் ஹெலெனா, எல்லோர் காதிலும் விழும்படி. "மகனுக்கு நாற்காலி பிடிக்கிறாங்க. ஏன், என் பையன் போட்டா மண்ணு உள்ள விழாதா?"

"விழும்மா. ஊர்தான் ஒத்துக்காது," என்றார் குலத்தலைவர் சகுவாகா. "மூத்தவன் உயிரோட இருக்கறப்ப இளையவன் கை வைக்கக் கூடாது. மூத்தவன் உயிரோட இல்லேன்னு சொல்லுங்க, இப்பவே உங்க பையன் போடட்டும்."

ஹெலெனா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, மாளிகை அதிகாரியைத் தனியே அழைத்துப் போனாள்.

நாற்காலி யாருக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள் சிலொம்போ. மாணவர் கூட்டத்தில் சின்யாமா அப்பாவை எதிர்த்துப் பேசிய மறுவாரம், அவன் மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டதாக மாளிகையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அன்று பாதி தைத்திருந்த சட்டைதான் மடியில் இருப்பது. இருபது வருடமாக அவன் குரலைக்கூடக் கேட்கவில்லை. அவனைக் கண்ணால் பார்க்க இன்றைய நாளை விட்டால் அவளுக்கு வேறு நாளில்லை.

அதிகாரி போனும் கையுமாகத் திரும்பிவந்தார். "சின்யாமா சார் நேத்தே தலைநகருக்கு வந்துட்டாராம்மா. ஹெலிகாப்டர் அனுப்பியாச்சு. கொஞ்சம் பொறுங்க." சொல்லிவிட்டு மறுபடியும் போனோடு ஒதுங்கினார்.

சிலொம்போ மடியிலிருந்த சட்டையை நீவிவிட்டாள். மகள் முஸோலே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் கிழவன் ஆயிருப்பான். இந்தச் சட்டைக்குள்ள வயிறு நுழையாது, பாரு."

"நுழையும். நுழையாட்டிப் பிரிச்சுத் தைக்கிறேன்."

"வந்ததும் 'அக்கா'ன்னு உன் கழுத்தைக் கட்டிக்குவான். உன்னை அம்மான்னு கூப்பிட நானில்ல பொறக்க வேண்டியிருந்துச்சு."

"அவன் என்னடி பண்ணுவான்? நம்ம ஊர்ல மூத்த பிள்ளை குலத்துப் பிள்ளை. பெத்தவ அதுக்கு அக்காதான்." வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள் சிலொம்போ.

புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஹெலிகாப்டர் இறங்கியது. கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக உயரமான ஆள் ஒருவன் வந்தான். அப்பாவின் நெற்றி, அப்பாவின் நடை. சிலொம்போவின் புரை விழுந்த கண்ணுக்கு அது போதும். சட்டையை விரித்துப் பிடித்தபடி எழுந்தாள்.

அவன் ஓடிவந்து அவள் காலடியில் மண்டியிட்டான்.

"அம்மா," என்று தேம்பினான். "என்னை மன்னிச்சிருங்கம்மா."

கேமராக்கள் நெருங்கின. பந்தலில் தலைவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் மட்டும் அழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முஸோலே வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிலொம்போ சட்டையைத் திரும்ப மடித்தாள், ஒரு கை, பிறகு மறு கை. வழியை விட்டு விலகி நின்று, மண்வெட்டியோடு நின்றவர்களைப் பார்த்தாள்.

"பக்கத்துல இன்னொரு குழி வெட்டுங்கப்பா. இந்தச் சட்டைக்கு."