ஏறு என்றது எலுமிச்சம்பழம்

ஷோரூமில் சிவப்பு எஸ்யூவிக்கும் வெள்ளை எஸ்யூவிக்கும் போட்டி.

"பிக்கப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை" என்றது சிவப்பு.

"எனக்குக் கூரையே திறக்கும்" என்றது வெள்ளை.

வாங்க வந்த கோமளா இரண்டிலும் ஏறி இறங்கிப் பார்த்தாள். "ஏங்க, சிவப்புதாங்க ஏற சுலபமா இருக்கு" என்றாள். கணவன் தணிகைவேல் அதையே எடுத்தான்.

பூஜை முடிந்து, முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சிவப்பு தயங்கியது.

"உன்னை எப்படி நசுக்குவேன்?"

"அதுக்குத்தானே வந்தேன், ஏறு. கண்ணேறு என்னோட போகட்டும்" என்றது பழம். "காலையிலேருந்து அந்தப் பொண்ணு கையிலதான் இருந்தேன். கை அடிக்கடி வயித்தைத் தொட்டுக்கிட்டே இருந்துச்சு. நீ கூட்டிப்போறது ரெண்டு பேரை இல்ல, மூணு பேரை."

பழம் நசுங்கியது.

பிக்கப் பெருமை பேசிய சிவப்பு, வேகத்தடை இல்லாத இடத்தில்கூட மெதுவாகவே போனது.