செண்பகத்தின் கடை விளக்கு

பயந்துபோன பிள்ளை யார் வந்தாலும் செண்பகத்தின் மருந்துக்கடையில் மஞ்சள் விளக்கு தானாக எரியும்; பயம் தெளிந்தால்தான் அணையும். இதுவரை பதினோரு பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்திருக்கிறாள். துரத்தி வந்தவர்களை அவள் தொண்டையே விரட்டியடித்திருக்கிறது.

இன்று மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு அவள் மகள் ஆதிரை உள்ளே வந்தாள். விளக்கு எரிந்தது. செண்பகம் பதறி எழுந்தாள்.

"ஏட்டி, எவன் பின்னால வந்தான்?"

"யாரும் வரலம்மா."

நம்பாமல் தெருவுக்கு ஓடினாள். ஈ காக்கை இல்லை. திரும்பிப் பார்த்தாள், விளக்கு அணைந்திருந்தது. அப்பாடா என்று படியேறினாள். எரிந்தது. இறங்கினாள். அணைந்தது.

உள்ளே ஆதிரை தூக்கை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சொந்தக் கடைப் படியில் கால்வைக்கத் துணியாமல், செண்பகம் வெயிலிலேயே நின்றாள்.