கண் திறப்பு

திரையில் அக்கா கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

எந்தப் படத்திலும் அப்படித்தான். வெளிச்சம் அடித்ததும் இமைத்துவிடுவாள். கல்யாணப் படத்தில்கூட. அஞ்சலிப் பலகைக்கு, இருந்தவற்றில் இதுதான் தேவலை.

அவன் நாற்காலிக்குப் பின்னால் அவள் கணவர் தவசிக்கனி நின்றார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

“கண்ண மட்டும் தெறந்து வச்சிரு மாப்ள. பாப்பா பாக்கும். அம்மா தூங்குறான்னு நெனச்சு எழுப்பச் சொல்லும்.”

அவன் தலையசைத்தான். அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

கண் திறப்பது அவனுக்குப் புதிதல்ல. ஃபிளெக்ஸ் கடையில் பாதி வேலை சாவுதான். இமை மூடிய படத்தோடு யாராவது வந்துகொண்டேயிருப்பார்கள். அதற்கென்றே கணினியில் கொஞ்சம் கண்களைச் சேர்த்து வைத்திருந்தான். யார் யாருடைய கண்களோ. ஊரில் பல பேர் அடுத்தவர் கண்ணோடுதான் சுவரில் மாட்டப்பட்டிருந்தார்கள்.

ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான்.

வைக்க வைக்க, அக்கா வேறு யாரோ ஆனாள்.

கண் எரிந்தது. உள்ளே மணல் உருளுவது போல. திரைக்கு முன்னால் இமைக்கவே மறந்துவிடுகிறீர்கள் என்றார் டாக்டர். அவ்வப்போது எழுந்து தூரத்தில் எதையாவது பார்க்கச் சொன்னார். அவன் பார்த்ததில்லை. கடைக்கு எதிரே சுவர்.

சொட்டு மருந்தை வாங்கிவந்து விசைப்பலகை அருகே வைத்தவள் அக்காதான். மத்தியானச் சோறு கொண்டுவரும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்ப்பாள். சீல் உடைந்திருக்காது.

“அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியையே முழுங்கிறாதடா. கொஞ்சம் கண்ண மூடு.”

மவுஸின் மேல் கை அசையாமல் இருந்ததில் திரை இருண்டது.

அதில் அவன் முகம் தெரிந்தது. நெற்றிக்குக் கீழே, அக்கா.

இருவருக்கும் அம்மாவின் கண்.

செல்போனில் தன் கண்களைப் படம் பிடித்தான். கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. உதவாது.

குப்பியின் சீலை உடைத்தான். விட்டுக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, இமைகளை மூடி உட்கார்ந்தான்.

அவள் சொன்ன மாதிரியே.

சிவப்பு வடிந்த பிறகு மறுபடி எடுத்தான்.

பொருந்தியது. ஓரங்களைக்கூடச் சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை.

மாலையில் தெருமுனைக் கம்பத்தில் பலகையைக் கட்டினார்கள். தவசிக்கனி பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது.

பாப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

எழுப்பச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டேயிருந்தது.

பிறகு திரும்பி, நின்றவர்கள் முகங்களில் எதையோ தேடியது.

அவனைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டியது.

அவன் கண்களை மூடிக்கொண்டான்.