வெள்ளைப் படம்

நகைப் பட்டறை வாசலில் புது இயந்திரம் வந்திருந்தது. உடம்புச் சூட்டில் தானாக வெளிவரும் மைக்ரோவேவ் கதிர்களை அதன் ஆன்டெனா மேலும் கீழும் ஆடிச் சேர்த்துப் படம் போடும். உடம்பு வெள்ளை, உலோகம் கறுப்பு. வேலைக்கு உள்ளே போக நின்ற பூரணியின் படத்தில் நெஞ்சில் கறுப்பு விழுந்தது.

"உள்ள தங்கம் போட்டுக்கிட்டுப் போகக் கூடாதே, என்னது அது?" என்றான் சூப்பர்வைசர் தனபால்.

"என் தாலி சார்."

"கல்யாணமானவங்களுக்கு இங்க வேலையில்லையே!" என்று இளித்தான்.

பூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் உடம்புச் சூட்டைக்கூட கேக்காம எடுத்துக்குவீங்க. இந்தா, இதையும் வச்சுக்க!" தாலியைக் கழற்றி அவன் கையில் திணித்துவிட்டு, மறுபடி ஆன்டெனா முன்னால் நின்றாள். "இப்ப பாரு. நான் கல்யாணமாகாதவ. உள்ள விடு."

படம் முழு வெள்ளையாக வந்தது. தனபாலுக்குத் தாலியைக் கீழே வைக்கப் பயம். வரிசையில் நிற்கும் பெண்கள் பார்க்க, அவள் கழுத்தில் அவனே போடவா முடியும்?

"வாங்கிக்கம்மா," என்றான்.

அவள் கையை நீட்டவில்லை.